கடை இருக்கட்டும், மாடி வேண்டாம்



திருவண்ணாமலை கிரிவலப் பாதையை ஒட்டிய தெருவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீடுகளுக்கென்று வகைப்படுத்தப்பட்ட தெரு அது. பக்கத்து வீட்டுக்காரர் தன் முன்னறையைச் சிற்றுண்டிக் கடையாக்கி, மேலே இரண்டு தளம் எழுப்பித் தங்கும் அறைகள் கட்டப் போகிறாராம். முன்பக்கம் காலியாக விட வேண்டிய இடமான செட்பேக்கிலும் விலக்குக் கேட்டு மனுப் போட்டிருக்கிறார். “நல்ல மனுஷர். பௌர்ணமிக் கூட்டத்தை நம்பிப் பிழைக்கிறவர். நான் ஆட்சேபணை கொடுக்கலாமா?” என்பது வாசகியின் கேள்வி.

அந்தத் தயக்கத்தை மதிக்கிறேன். கிரிவலமாக 14 கிலோமீட்டர் வெறுங்காலில் நடக்கிறவருக்கு விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு டம்ளர் சுக்குக் காபி கிடைக்கிறதென்றால், அது இந்தச் சிறு வியாபாரிகளால்தான். அவர்களை விரட்டிவிட்டு ஊரை அழகுபடுத்த முடியாது.

ஆனாலும் அந்த மனுவில் இருப்பது ஒரு கோரிக்கை அல்ல, மூன்று. கடைக்குச் சம்மதிக்கலாம். புகையும் இரைச்சலும் தொல்லையானால் நிபந்தனை போடலாம். மீறினால் மூடச் சொல்லலாம். முன்னறை மறுபடி முன்னறையாகிவிடும். கான்கிரீட் அப்படியல்ல. எழும்பிய தளத்தை இடித்ததாக நம் ஊர்களில் எத்தனை முறை கேள்விப்பட்டிருக்கிறோம்? செட்பேக்கும் ஒருமுறை போனால் போனதுதான். பௌர்ணமி இரவில் ஆம்புலன்ஸ் வந்தால் ஜனங்கள் ஒதுங்கி நிற்க இருப்பது அந்த இரண்டடி, மூன்றடிதான்.

தீபத் திருவிழாவின் ஏழாம் நாள், மாட வீதி மூலையில் பெரிய தேர் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தின் அடியில் கட்டையைச் செருகுவதும், வடம் தளர்வதும், மறுபடி இறுகுவதும், அத்தனை பெரிய தேர் அங்குலம் அங்குலமாக முகம் திருப்புவதும்... அந்த மூலையில் ஒரு பால்கனி ஓரடி வெளியே நீண்டிருந்தால், அதை அனுமதித்த கையெழுத்து தேருக்கு வழிவிடுமா?

விலக்கு அளிக்கும் அதிகாரம் அரசுக்கு இல்லாமல் இல்லை. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. அந்தப் பிரிவின்கீழ் 1987–88இல் பிறந்த 62 விலக்கு ஆணைகளை எதிர்த்து ஒரு நுகர்வோர் அமைப்பு நடத்திய வழக்கில், 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரிவு செல்லும், அந்த ஆணைகள் செல்லாது என்றது. இன்னாருக்கு ஏன் விலக்கு என்ற காரணம் அவற்றில் இல்லை. இந்தத் தீர்ப்பை ஒவ்வொரு ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி அலுவலகத்திலும் எழுதி மாட்டலாம் என்பது என் ஆசை. ‘ஏழை, பாவம்’ என்பது இரக்கம். அதை வைத்து ஆணை எழுத முடியாது. அடுத்த வீட்டுக்காரரும் அதையே சொல்லிக்கொண்டு வருவார், அவருக்கு இல்லையென்று சொல்லவும் முடியாது.

பெரியவர்களுக்கும் இதே அளவுகோல்தான். 2023இல் திருவண்ணாமலை கோயில் ராஜகோபுரத்தின் எதிரே வணிக வளாகம் கட்ட அறநிலையத் துறை திட்டமிட்டபோது எதிர்ப்பு கிளம்பி, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. ‘இங்கே ஏன் கட்ட வேண்டும்?’ என்று துறையிடம் கேட்ட கேள்வியைப் பக்கத்து வீட்டுக்காரரிடமும் கேட்பதில் தவறில்லை.

இன்னொன்று. இடம் மலைச்சரிவில் இருந்தால் கடைக்குக்கூட நான் சம்மதிக்க மாட்டேன். 2024 டிசம்பர் 1 அன்று இதே திருவண்ணாமலையின் வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் போனார்கள். அவர்களில் ஐவர் குழந்தைகள்.

ஆகவே சகோதரி, ஆட்சேபணையை எழுத்தில் கொடுங்கள். கடைக்குச் சம்மதம், மாடிக்கும் செட்பேக் குறைப்புக்கும் சம்மதமில்லை என்று பிரித்தே எழுதுங்கள். எந்த முடிவானாலும் காரணத்தோடு ஆணை வேண்டும் என்றும் கேளுங்கள். அலுவலகத்தில் கொடுப்பதற்கு முன் அந்தக் கடிதத்தைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒருமுறை படித்துக் காட்டிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்