ஒழுகும் இடம் ஒன்று, நுழையும் இடம் வேறு

வெள்ளகோவில் மழை மறைவுப் பகுதியில் அமைந்த ஊர். கொறங்காட்டுக் கிளுவை வேலிகள் ஆண்டின் பெரும்பகுதி காய்ந்தே நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்கின்ற சில நாள் மழைதான் பெருமழை. ஆகவே அங்குள்ள வீடுகளில் கூரை ஒழுகினால் பாத்திரத்தை ஏந்தி வைப்பார்கள். மழை நின்றதும் மறந்து விடுவார்கள். அடுத்த ஐப்பசியில் அதே பாத்திரம், அதே இடம்!

கூரை ஒழுகுவது இழிவன்று, சகோதரிகளே! அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலே பேரீச்ச மட்டை வேய்ந்ததுதான். ஒரு ரமளானின் இருபத்தோராம் இரவில் மழை பெய்து பள்ளி ஒழுகியதையும், சுப்ஹுத் தொழுகை முடிந்தபோது அண்ணலாரின் நெற்றியில் ஈரமண் படிந்திருந்ததையும் அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். புகாரியில் அதனைக் காணலாம். ஆனால் மட்டைக் கூரை ஒழுகினால் நனைவதோடு சரி. நம் தலைக்கு மேலிருப்பதோ கம்பி கட்டிய கான்கிரீட் தளம். உள்ளே புகும் நீர் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு, தான் தின்ற இரும்பைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் பருக்கும். பருத்துக் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். தொட்டிலுக்கு நேர் மேலே காரை பெயர்ந்து நிற்கும் வீடுகளைப் பார்க்கையில் நெஞ்சு பதறுகிறது.

மழை குறைந்த ஊரில் தளம் ஏன் ஒழுக வேண்டும்? வெயில்தான் காரணம். முப்பதடி நீளமுள்ள கான்கிரீட் தளம், வெப்பம் 30 பாகை ஏறி இறங்கினால் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். பகலில் கொதித்த தளத்தின்மேல் மாலையில் திடீரென மழை கொட்டினால் அந்தச் சுருக்கம் சில நிமிடங்களிலேயே தொடங்கி விடுகிறது. தளமும் கைப்பிடிச் சுவரும் கூடுகின்ற மூலையில்தான் முதல் விரிசல் விழும். நம் முன்னோர் தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் நீற்றிய சுண்ணாம்பும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து, மரக்கட்டையால் நாட்கணக்கில் அடித்து இறுக்கியது வீண் வேலையன்று. நீரோடு வெயிலையும் அது தடுத்தது. பொதுப்பணித் துறையின் அளவுப்படி 32 பங்கு ஜல்லிக்குப் பன்னிரண்டரைப் பங்கு சுண்ணாம்பு, மணல் கூடாது. அதன்மேல் தட்டோடு. இன்று அடிக்கின்ற பொறுமை எவருக்கும் இல்லை. வாளியில் விற்கும் பூச்சினை வாங்கித் தடவி விடுகிறோம். மயிரிழை விரிசலுக்கு அது போதும். வெயிலில் திறந்து மூடுகின்ற விரிசலுக்கு ஒரு கோடைகூடத் தாங்காது.

வெள்ளகோவிலில் நமக்கு உறவான ஒரு குடும்பத்தாரின் வீட்டில் மூன்றாண்டுகளாகப் படுக்கையறையின் வடமேற்கு மூலை ஒழுகிற்று. கொத்தனார் மூன்று முறை வந்து, மூன்று முறையும் உட்புறம் கொத்திப் பூசிச் சென்றார். (வெயில் அடிக்கும் நாளில் வந்து பார்ப்பவருக்கு வேறென்ன தெரியும்?) நான்காம் ஆண்டு அவ்வீட்டு அம்மையாரே கவனிக்கத் தொடங்கினார். மழை தொடங்கிய நேரத்தையும் முதற் சொட்டு விழுந்த நேரத்தையும் குறித்தார். ஓதத்தின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடிட்டுத் தேதியும் எழுதினார்.

அந்தக் குறிப்பு பேசியது. மழை பிடித்தவுடன் சொட்டினால் ஓட்டை அருகிலேயே இருக்கும். காற்றோடு சாரல் அடிக்கும்போது மட்டும் ஒழுகினால் குற்றம் சுவரில், தளத்தில் அன்று. மழையே இல்லாத நாளிலும் ஓதம் படர்ந்தால் தண்ணீர்க் குழாயைச் சோதிக்க வேண்டும். அவ்வீட்டிலோ மழை தொடங்கி மூன்று மணி நேரம் கழித்தே சொட்டியது. மழை நின்ற பின்னும் மறுநாள் வரை சொட்டியது. தொலைவில் புகுந்த நீர், தட்டோட்டுக்கு அடியில் ஜல்லியினூடே ஊர்ந்து வருகிறது என்பதே அதன் பொருள்.

அடுத்து மாடியைக் களிமண் வரப்புகளால் நான்கு பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒருநாள் முழுதும் 2 அங்குல உயரத்திற்கு நீர் கட்டிப் பார்த்தார்கள். தாழ்ந்த பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்; இல்லையேல் வழிந்த நீர் நம்மை ஏமாற்றும். ஓர் எச்சரிக்கை: நூறு சதுர அடியில் 2 அங்குல நீரின் எடை ஏறத்தாழ 470 கிலோ. கம்பி வெளியே தெரியும் பழந்தளத்தில் இதனைச் செய்யவே கூடாது. நனைத்த சாக்குகளைப் பரப்பிப் பார்ப்பதே நலம்.

மூன்றாம் பாத்தியில் பிடிபட்டது. ஒழுகிய மூலைக்குப் பன்னிரண்டு அடி தள்ளி ஒரு பிளாஸ்டிக் குழாய். 2003 ஆம் ஆண்டு தமிழகமெங்கும் மழைநீர் சேமிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது, முடிந்த தளத்தைத் துளைத்துச் செருகி, சுற்றிலும் வெறும் சிமெண்ட் அடைத்த குழாய் அது. பிளாஸ்டிக்கை சிமெண்ட் பற்றுவதில்லை. நாளடைவில் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்து விட்டது.

குழாயைச் சுற்றி ஒரு சாண் அகலம் தளம் வரை கொத்தியெடுத்து, நெகிழ்ந்து கொடுக்கும் அடைப்பு மெழுகால் கழுத்தை அடைத்து, ஜல்லியும் தட்டோடும் மீண்டும் பதித்தார்கள். வாட்டத்தையும் பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் என்று சரி செய்தார்கள். உட்புறப் பூச்சு கடைசியில்தான். அதுவும் தளம் நன்கு உலர்ந்த பிறகு. அடுத்த கார்த்திகையில் பென்சில் கோட்டைத் தாண்டி ஓதம் படரவில்லை, அல்ஹம்துலில்லாஹ்!

விசைத்தறிக் கூடம் வைத்திருப்போருக்கும் ஒரு சொல். பாவின் மேல் சொட்டு விழுந்தால் துணி கறைபடும். கல்நார்த் தகட்டுக் கூரையில் ஒழுகல் பெரும்பாலும் ஆணித் துளையில்தான். துளை அலையின் மேட்டில் இருக்க வேண்டும். பள்ளத்தில் இருந்தால் நீர் நேரே இறங்கும். தார் வாஷர் வெயிலில் வெடித்திருந்தால் மாற்றுங்கள். புதிதாகத் துளையிட நேர்ந்தால் அவ்விடத்தை நனைத்துக் கொள்ளுங்கள். கல்நார்த் தூசி நுரையீரலைக் கெடுக்கும். ஆளை ஏற்றும்போது தகட்டின்மேல் நேராக நடக்க விடாதீர்கள். பழைய தகடு உடைந்துவிடும். பலகை போட்டு, அதன்மேல் நடக்கச் சொல்லுங்கள்.