பல் சீரமைப்பியல் பாடத்திலும் செய்முறைத் தேர்விலும் மாற்றம் கோரும் மனு

அனுப்புநர்
தலைவர் மற்றும் செயற்குழுவினர்,
பல் மருத்துவ மாணவர் மற்றும் பயிற்சி மருத்துவர் சங்கம்.

பெறுநர்
உயர்திரு துணைவேந்தர் அவர்கள்,
மருத்துவப் பல்கலைக்கழகம்.

நகல்: தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், பல் மருத்துவப் பாடத்திட்டக் குழுத் தலைவர், மருத்துவக் கல்வி இயக்குநர்.

பொருள்: பி.டி.எஸ். படிப்பில் பல் சீரமைப்பியல் கற்பிக்கும் முறையையும் தேர்வு முறையையும் திருத்தி அமைக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பி.டி.எஸ். முடித்து வருபவரைக் கிளிப் போடும் நிபுணராக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அதற்கு எம்.டி.எஸ். என்ற மூன்றாண்டுப் படிப்பு இருக்கிறது. ஆனால் தாலுகா மருத்துவமனையிலோ சொந்த கிளினிக்கிலோ உட்காரும் பி.டி.எஸ். மருத்துவர் முன்னால்தான் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் முதன்முதலில் வாயைத் திறக்கிறார்கள். எந்தப் பிள்ளைக்கு இப்போதே சிகிச்சை வேண்டும், யாரைக் காத்திருக்கச் சொல்லலாம், யாரைத் தாமதிக்காமல் நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்றைய பாடமும் தேர்வும் இந்தத் திறமையைத்தான் சோதிக்காமல் விட்டுவிடுகின்றன. அதுவே எங்கள் முறையீடு.

மேல்தாடைக் கோரைப்பல்லை எடுத்துக்கொள்வோம். அது முளைக்க வேண்டிய இடத்தில் ஈறு புடைத்திருக்கிறதா என்று ஒன்பது, பத்து வயதில் விரலால் தடவிப் பார்ப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. புடைப்பு தென்படாவிட்டால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். பல் அண்ணப் பக்கம் தடம் மாறிப் போகிறது என்று உரிய காலத்தில் கண்டுகொண்டால், பால் கோரைப்பல்லை மட்டும் பிடுங்கிவிட்டாலே நிரந்தரப் பல் பெரும்பாலும் தானாக வழிக்கு வந்துவிடும். ஸ்வீடனில் எரிக்சன், குரோல் ஆகிய இருவரும் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், அப்படித் தடம் மாறிய 46 கோரைப்பற்களில் 36 பற்கள் இந்த ஒரு பல் பிடுங்கலோடு சரியாயின. அதே பிள்ளை பதினான்கு வயதில் வந்தால் நிலைமை வேறு. அறுவை செய்து பல்லைத் திறக்க வேண்டும், சங்கிலி கட்டி இழுக்க வேண்டும், ஒன்றரை இரண்டு ஆண்டுகள் கிளிப் போட்டிருக்க வேண்டும். அதற்குள் பக்கத்து வெட்டுப்பல்லின் வேரே கரைந்துபோயிருக்கவும் கூடும். இந்த இரண்டு நிலைக்கும் இடையில் இருப்பது முதலில் பார்த்த பி.டி.எஸ். மருத்துவரின் விரல் நுனி. அந்த விரலைப் பழக்குவதற்குப் பாடத்தில் இடம் உண்டு. பழகியிருக்கிறதா என்று பார்ப்பதற்குத் தேர்வில் இடம் இல்லை.

தேர்வில் நடப்பது இது. மாணவர் கையில் ஒரு பிளாஸ்டர் மாடல், ஒரு துண்டு வயர், ஒரு பிளையர். 0.7 மி.மீ. வயரில் ஆடம்ஸ் கிளாஸ்ப் வளைக்க வேண்டும்; அல்லது 0.5 மி.மீ. வயரில் இசட் ஸ்பிரிங். அல்லது லேபியல் போ. கூடவே பார்த்து அடையாளம் சொல்ல வேண்டிய சில ஸ்பாட்டர்கள், பிறகு வைவா என்னும் வாய்மொழித் தேர்வு. ஆடம்ஸ் கிளாஸ்பின் இரண்டு அம்பு முனைகளும் கடைவாய்ப்பல்லின் அண்டர்கட்டில் சரியாக உட்கார்ந்தால்தான் பிளேட் வாயில் நிற்கும். வடக்கு அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் பணியாற்றிய பிலிப் ஆடம்ஸ் வடிவமைத்த நுட்பமான பொருள் அது. அதைக் கற்பது வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் எங்கள் உறுப்பினர்களில் மிகப் பலர் தாம் வளைத்த ஒரு கிளாஸ்பைக்கூட நோயாளியின் வாயில் பொருத்திப் பார்க்காமலே பட்டம் பெற்றிருக்கிறார்கள். வயர் பளபளப்பாக இருக்கிறதா, பிளையர் தடம் விழுந்திருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். பிளேட் வாயில் நின்றதா என்று பார்ப்பவர் இல்லை.

செய்முறைத் தேர்வு எதைக் கேட்கிறதோ அதைத்தான் மாணவர் படிப்பார். இறுதியாண்டில் எட்டுப் பாடங்களுக்குத் தேர்வு. அவற்றுக்கிடையே ஆர்த்தோ எனப்படும் பல் சீரமைப்பியலுக்குக் கிடைக்கும் சில நாட்களை மாணவர் மதிப்பெண் வரும் பக்கம்தான் செலவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ‘கோட்டா முடிந்ததா’ என்பதுதான் போஸ்டிங் முழுவதும் கேட்கும் கேள்வி. சில கல்லூரிகளில் சீனியர் வளைத்த வயரே ஆண்டுதோறும் கை மாறி ரெக்கார்டில் ஏறுகிறது. மாணவர் சங்கமே இதை எழுதுவது நல்லதா என்று எங்கள் செயற்குழுவில் விவாதம் நடந்தது. மறைத்து வைத்துக்கொண்டு திருத்தம் கேட்பது நேர்மையாகாது என்ற முடிவுக்கு வந்தோம்.

ஆகவே செய்முறைத் தேர்வைத்தான் எல்லாவற்றுக்கும் முதலாக மாற்ற வேண்டும் என்று கோருகிறோம். 2007-ஆம் ஆண்டு பி.டி.எஸ். விதிமுறைப்படி செய்முறைக்கு 100 மதிப்பெண். அதில் பல்கலைக்கழகத் தேர்வுக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த 90-ஐ எப்படிப் பிரிப்பது என்பதில் பல்கலைக்கழகத்துக்கு இடம் இருக்கிறது. வயர் வளைப்புக்கு அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். மீதியை நிலையம் நிலையமாக நடத்தும் ஆஸ்கி முறைத் தேர்வுக்கும், ஒரு கேஸை முழுமையாகப் பார்த்து விவாதிப்பதற்கும் ஒதுக்க வேண்டும். இந்த ஆஸ்கி புதிய சோதனை அல்ல. ஸ்காட்லாந்தின் டண்டியில் ரொனால்ட் ஹார்டன் குழுவினர் 1975-இல் அறிமுகப்படுத்தியது. உலகெங்கும் மருத்துவக் கல்லூரிகளில் வேரூன்றிவிட்டது. எல்லா மாணவருக்கும் ஒரே கேள்வி, ஒரே நேர அளவு, முன்கூட்டியே எழுதி வைத்த ஒரே மதிப்பெண் பட்டியல் என்பதால், வெளியிலிருந்து வரும் தேர்வாளரின் மனநிலையைப் பொறுத்து மதிப்பெண் ஏறி இறங்கும் என்ற பேச்சுக்கும் இடம் குறையும்.

ஒரு நிலையத்தில் ஒன்பது வயதுப் பிள்ளையின் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயை வைக்கலாம், கோரைப்பல் எங்கே போகிறது, அடுத்து என்ன செய்வது என்று மாணவர் எழுத வேண்டும். அடுத்ததில் ஒரு மாடலும் ஸ்கேலும். மேல் முன்பல் எவ்வளவு முன்தள்ளியிருக்கிறது என்னும் ஓவர்ஜெட்டை அளந்து, சிகிச்சைத் தேவையைத் தரம் பிரிக்க புரூக்கும் ஷாவும் 1989-இல் வெளியிட்ட ஐ.ஓ.டி.என். அட்டவணையில் எந்தத் தரத்தில் வருகிறது என்று சொல்ல வேண்டும். ஒன்பது மி.மீ.க்கு மேல் தூக்கியிருந்தால் ஐந்தாம் தரம். அப்படிப்பட்ட முன்பல் விளையாட்டில் உடையும் வாய்ப்பு அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்லத் தெரிய வேண்டும். இன்னொன்றில் ஒருவர் தாயாக நடிப்பார். இரண்டாம் பால் கடைவாய்ப்பல் சொத்தையாகிச் சீக்கிரமே பிடுங்கப்பட்ட ஏழு வயதுப் பையனுக்கு ஏன் ஸ்பேஸ் மெயின்டெய்னர் வேண்டும் என்று அவருக்குப் புரியும் தமிழில் விளக்க வேண்டும். “பால் பல்தானே டாக்டர், விழுந்துட்டுப் போகுது” என்று அந்தத் தாய் சொல்வார். அன்றாடம் நாங்கள் கேட்கும் பேச்சு அது. முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முன்னோக்கி நகர்ந்து, பிற்காலத்தில் அங்கே முளைக்க வேண்டிய பல்லின் இடத்தை அடைத்துவிடும் என்பதை இரண்டு நிமிடத்தில் அவருக்கு விளங்க வைப்பது ஒரு தனித் திறமை. அதற்கு இன்று ஒரு மதிப்பெண்ணும் இல்லை.

கிளிப் வயர் அறுந்து கன்னத்தில் குத்தும் நோயாளிக்கு முதலுதவி, முன்பல் கிராஸ்பைட்டில் கீழ்ப்பல்லின் ஈறு இறங்கியிருப்பதைக் கவனிப்பது, நிபுணருக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதுவது ஆகியவற்றுக்கும் நிலையங்கள் அமைக்கலாம். எக்ஸ்ரேயும் மாடலும் புகைப்படமும் எல்லாத் துறைகளிலும் குவிந்து கிடக்கின்றன. நோயாளியின் அடையாளத்தை நீக்கிப் பல்கலைக்கழகம் ஒரு பொதுத் தொகுப்பை உருவாக்கினால் சிறு கல்லூரிகளுக்கும் சிரமம் இருக்காது.

தேர்வை மட்டும் மாற்றி, கற்பித்தலை இப்படியே விட்டால் மாணவர்தான் அடிபடுவார். எனவே கற்பித்தல் குறித்த கோரிக்கைகளையும் இத்துடனேயே வைக்கிறோம்.

பல் சீரமைப்பு சிகிச்சை ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் நீளும். மாணவரின் போஸ்டிங் சில வாரங்களில் முடியும். அதனால் ஒரே நோயாளியின் தொடக்கத்தையும் முடிவையும் பார்த்த பி.டி.எஸ். மாணவர் அநேகமாக இல்லை. மூன்றாமாண்டிலேயே ஒவ்வொரு மாணவருக்கும் பால் பல்லும் நிரந்தரப் பல்லும் கலந்த வயதில் இருக்கும் ஒரு பிள்ளையை ஒப்படைக்க வேண்டும். சிகிச்சையை முதுநிலை மாணவரோ ஆசிரியரோ செய்யட்டும். ஆனால் அளவெடுப்பதும் புகைப்படம் எடுப்பதும், ஒவ்வொரு வருகையிலும் என்ன மாறியது என்று எழுதுவதும் அந்த மாணவரின் பொறுப்பாக இருந்து, பயிற்சி ஆண்டு முடியும் வரை தொடர வேண்டும். செலவு அதிகம் பிடிக்காத ஏற்பாடு இது. நாங்கள் கேட்பவற்றில் மாணவருக்கு அதிகம் கற்றுத் தரப் போவதும் இதுவே என்று நம்புகிறோம்.

குழந்தைப் பல் மருத்துவத் துறையும் ஆர்த்தோ துறையும் ஒரே பிள்ளையைத் தனித்தனி அறைகளில் பார்க்கும் வழக்கம் மாற வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது இரு துறையும் சேர்ந்து ஒரு கூட்டு ஓ.பி. நடத்தலாம். பதினெட்டு வயது வரையான பிள்ளைகளைப் பரிசோதிக்கும் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் 2013 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிளவுபட்ட உதடும் அண்ணமும், பல் நோய்களும் அதன் பட்டியலில் உள்ளன. அக்குழுவினரோடு இறுதியாண்டு மாணவர்கள் பள்ளிகளுக்குச் சென்றுவர அனுமதி பெற்றுத் தந்தால், வகுப்பறையில் ஸ்லைடில் மட்டும் காணும் வாய்களை நேரில் காண்பார்கள்.

வயர் பயிற்சியில் எண்ணிக்கையைக் குறையுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறோம். பாடப்புத்தகத்தில் உள்ள எல்லா ஸ்பிரிங்கையும் எல்லா கேனைன் ரிட்ராக்டரையும் ஒவ்வொருவரும் வளைக்க வேண்டியதில்லை. ஆடம்ஸ் கிளாஸ்ப், லேபியல் போ, இசட் ஸ்பிரிங் மூன்றையும் ஆசிரியர் முன்னிலையில் வளைத்து, அக்ரிலிக் போட்டு, ஒரு நோயாளியின் வாயில் பொருத்தி, அடுத்த வருகையில் ஆக்டிவேட் செய்யும் வரை கொண்டுபோனால் போதும். பிழை எங்கே என்று அப்போதே சொல்லித் திரும்பச் செய்ய வைக்க வேண்டும். கையெழுத்து மட்டும் வாங்கும் ரெக்கார்டால் யாருக்கும் பயனில்லை.

எழுத்துத் தேர்வைப் பற்றிச் சுருக்கமாக. ‘ஆங்கிளின் வகைப்பாட்டை விவரி’, ‘ஃபங்ஷனல் அப்ளையன்ஸ்களை வகைப்படுத்து’ போன்ற கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பழைய வினாத்தாள் ஐந்தைப் புரட்டினால் அடுத்த தாளைக் கணித்துவிடலாம். எஸ்.என்.ஏ. கோணம் 82 டிகிரி என்று மனப்பாடமாகச் சொல்லும் மாணவருக்கு, அந்த எண் மாறினால் முகத்தில் என்ன தெரியும் என்று சொல்ல வருவதில்லை. எந்தப் பகுதிக்கு எத்தனை மதிப்பெண் என்ற வரைவுத் திட்டத்தைப் பல்கலைக்கழகம் வெளியிட வேண்டும். குறைந்தது ஒரு நெடுவினாவாவது ஒரு பிள்ளையின் நிலையைச் சொல்லி முடிவெடுக்கச் சொல்வதாக இருக்க வேண்டும். வைவாவுக்குரிய 20 மதிப்பெண்ணை இரு தேர்வாளர்களும் தனித்தனியே போட்டுச் சராசரி எடுக்க வேண்டும். அகமதிப்பீட்டு மதிப்பெண்ணை, குறைகளைச் சுட்டும் குறிப்போடு, தேர்வுக்கு முன்பே மாணவரிடம் காட்ட வேண்டும்.

இன்னொரு விஷயத்தையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம். ஸ்கேன் அனுப்பினால் அலைனர் பெட்டி வீடு தேடி வரும் காலம் இது. இரண்டு நாள் பயிலரங்கில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு சிக்கலான கேஸ்களைத் தொடங்கிவிடும் இளம் மருத்துவர்கள் இருக்கிறார்கள். பல் அசைந்து, வேர் தேய்ந்து, நடுவழியில் சிகிச்சை நின்று வரும் நோயாளிகளைப் பார்க்கிறோம். இந்த மருத்துவர்கள் கெட்டவர்கள் அல்லர். தங்கள் எல்லை எது என்று யாரும் கற்பிக்கவில்லை, யாரும் சோதிக்கவும் இல்லை. எதைத் தொடக்கூடாது என்பதும் தேர்வில் கேட்கப்படும் பாடமாக வேண்டும்.

தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம் 2023-இல் நிறைவேறியிருக்கிறது. தேசிய வெளியேறு தேர்வுக்கும் அதில் வழி செய்யப்பட்டுள்ளது. எம்.பி.பி.எஸ். படிப்புக்குத் திறன் சார்ந்த பாடத்திட்டம் 2019-இலேயே வந்துவிட்டது. பி.டி.எஸ். பாடத்திட்டம் மாற்றி எழுதப்படும்போது இந்தக் கருத்துகளைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையாக ஆணையத்துக்கு அனுப்ப வேண்டுகிறோம். தன் அதிகாரத்துக்கு உட்பட்ட செய்முறை மதிப்பெண் பிரிப்பையும் வினாத்தாள் வரைவுத் திட்டத்தையும் பல்கலைக்கழகம் அதுவரை காத்திராமல் செயல்படுத்தத் தொடங்கலாம்.

ஆசிரியர்களுக்கும் இது கூடுதல் வேலைதான். அதை நாங்கள் உணர்ந்தே இருக்கிறோம். வயர் வளைப்பு போன்ற முன்மருத்துவப் பயிற்சியை முதுநிலை மாணவர்கள் தலையில் கட்டிவிடாமல், ஆசிரியர் நேரத்தைக் கால அட்டவணையிலேயே ஒதுக்க வேண்டும். ஆஸ்கி நடத்தவும் மதிப்பெண் பட்டியல் எழுதவும் அவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். முதல் ஆண்டில் சில கல்லூரிகளில் மட்டும், மதிப்பெண் கணக்கில் சேராத மாதிரித் தேர்வாக நடத்திப் பார்க்கலாம். இப்போது இறுதியாண்டில் இருக்கும் மாணவர்கள் மீது நடுவழியில் புதிய முறையைத் திணிக்க வேண்டாம். எந்த மாற்றமானாலும் ஒரு கல்வியாண்டு முன்னதாக அறிவிக்க வேண்டும் என்பதில் எங்கள் சங்கம் உறுதியாக இருக்கிறது.

பாடத்திட்டக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இம்மனுவைப் பொருளாக வைத்து, எங்கள் பிரதிநிதிகள் மூவருக்கு நேரில் விளக்க வாய்ப்பளிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். ஆறு நிலையங்களுக்கான மாதிரி வினாக்களும் மதிப்பெண் பட்டியலும் தயாரித்து இம்மனுவுடன் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலர் மற்றும் செயற்குழு உறுப்பினர்கள்.

இணைப்பு: மாதிரி நிலைய வினாக்கள் மற்றும் மதிப்பெண் பட்டியல்.