பின்னிருக்கையில் இருக்கும் கண்கள்

நல்லேப்பிள்ளி வழியாகச் சித்தூருக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் இடையே செல்லும் சாலையைக் காலைப் பள்ளி வேளையில் டிராக்டர்களும், கள் ஏற்றிய வண்டிகளும், நிமிடக் கணக்கில் ஓடும் தனியார் பேருந்துகளும், பிள்ளைகளை முன்னும் பின்னும் அமர்த்திய இருசக்கர வாகனங்களும் பங்கிட்டுக்கொள்கின்றன. பேருந்து ஒன்று ஒலிப்பானை அழுத்தியவாறு நெருக்கித் தள்ளும்போது, வண்டியோட்டும் தந்தையின் வாயிலிருந்து ஒரு வசைச்சொல் வெளிப்படுகிறது. வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் புழங்கும் இப்பகுதியில் அது எந்த மொழியிலும் இருக்கலாம். பின்னால் இருக்கும் பிள்ளைக்கு இரண்டுமே புரியும்.

சாலைச் சினம் என்றவுடன் அடிதடியும் உயிரிழப்புமே நினைவுக்கு வருகின்றன. 1988 டிசம்பரில் பாட்டியாலாவில் நிகழ்ந்த தகராறில் முதியவர் ஒருவர் உயிரிழந்த வழக்கில், கிரிக்கெட் வீரராக இருந்து அரசியலுக்கு வந்த நவ்ஜோத் சிங் சித்துவுக்கு உச்ச நீதிமன்றம் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதித்தது 2022 மே மாதத்தில்தான். 34 ஆண்டுகள் நீடித்ததாலும் குற்றஞ்சாட்டப்பட்டவரின் புகழாலும் அவ்வழக்கு செய்தியானது. செய்தியாகாதவையே பெரும்பான்மை. உரத்த ஒலிப்பான், முந்திச் சென்று குறுக்கே நிறுத்துதல், கண்ணாடியை இறக்கி ஏசுதல் என்பவற்றில் எவருக்கும் காயமில்லை, வழக்குமில்லை. ஆயினும் கற்பித்தல் நடந்து முடிந்துவிடுகிறது.

இக்கற்பித்தலைக் குறித்து உளவியலில் அறுபதாண்டுக்கும் மேற்பட்ட சான்று உண்டு. 1961ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பாண்டுராவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 72 மழலையரைக் கொண்டு நடத்திய சோதனையில், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையைத் தாக்குவதைக் கண்ட குழந்தைகள் பின்னர் அதே செயலைச் செய்தனர். அவர் சொன்ன சொற்களையும் திருப்பிச் சொன்னார்கள். இச்சோதனை பாடநூல்களில் தவறாமல் இடம்பெறுகிறது. ஆனால் சாலையைப் பொறுத்தவரை 1965இல் பாண்டுரா வெளியிட்ட மற்றோர் ஆய்வே முதன்மையானது. தாக்கியவர் தண்டிக்கப்படுவதைக் கண்ட குழந்தைகள் அச்செயலைக் குறைவாகவே பின்பற்றினர். எனினும், கண்டதைச் செய்து காட்டினால் பரிசு என்றவுடன் அவர்களும் மற்றவர்களுக்கு இணையாகச் செய்து காட்டினர். கற்றல் முன்னரே நிகழ்ந்திருந்தது. வெளிப்படுத்தும் தருணம் மட்டுமே வாய்க்காதிருந்தது. ஏழு வயதில் பின்னிருக்கையில் வாய்மூடி இருந்த பிள்ளைக்கு அத்தருணம் பதினெட்டில் வண்டிச் சாவியோடு வாய்க்கிறது.

முன் ஏர் போன வழியே பின் ஏர் என்பது உழவர் வழக்கு. அமெரிக்காவின் வட கரோலினாவில் ஓட்டுநர் பதிவேடுகளைக் கொண்டு 2001இல் வெளியான ஆய்வொன்று இதற்கு எண் தருகிறது. பெற்றோரின் பதிவில் மூன்றோ அதற்கு மேலோ விதிமீறல்கள் இருந்தால், மீறலே இல்லாத பெற்றோரின் பிள்ளைகளைவிட அவர்களுடைய பிள்ளைகள் விதிமீறலில் சிக்கும் வாய்ப்பு 38 விழுக்காடு கூடுதல். பெற்றோர் வாழும் சூழலும் அவர்கள் ஓட்டும் சாலைகளும் பிள்ளைகளுக்கும் பொதுவானவை என்பதால், இதனை முழுதும் போலச்செய்தல் எனக் கொள்ள இயலாது. ஒதுக்கிவிடவும் இயலாது.

இந்தியச் சட்டம் குழந்தையை மறந்துவிடவில்லை. நான்கு வயதுக்கு மேற்பட்டோருக்குத் தலைக்கவசம் கட்டாயம். அதற்குட்பட்ட குழந்தையை இருசக்கர வாகனத்தில் அழைத்துச் செல்கையில் பாதுகாப்புப் பட்டையும் 40 கிலோமீட்டர் வேகவரம்பும் 2023 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளன. அவ்வாண்டு ஜூன் மாதம் கேரளத்தில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் அபராதம் விதிக்கத் தொடங்கியபோது, பெற்றோரிருவருடன் மூன்றாமவராகச் செல்லும் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைக் கணக்கில் சேர்ப்பதா என்பதே பெரும் விவாதமாயிற்று. குழந்தை எத்தனையாவது தலை என்று எண்ணப்பட்டது. அத்தலையில் இரு கண்களும் இரு காதுகளும் உண்டு என்பது பேசப்படவில்லை.

அதே பாலக்காடு மாவட்டத்தின் வடக்கஞ்சேரி அருகே 2022 அக்டோபர் 5ஆம் நாள் இரவு, முளந்துருத்தியிலிருந்து உதகைக்கு மாணவர்களை ஏற்றிச் சென்ற சுற்றுலாப் பேருந்து அரசுப் பேருந்தின் பின்புறம் மோதியது. ஐந்து மாணவர்கள், ஓர் ஆசிரியர், அரசுப் பேருந்தின் பயணிகள் மூவர் என ஒன்பது பேர் மாண்டனர். பதிவான வேகம் மணிக்கு 97.7 கிலோமீட்டர். வண்டி நிறையப் பிள்ளைகள் இருந்தும் அவ்வேகம் தணியவில்லை. பின்னர் நிகழ்ந்த விவாதம் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, பேருந்தின் நிறம், விளக்குகள் ஆகியவற்றையே சுற்றியது. இவை தேவையானவையே. ஆனால் பிள்ளைகளின் முன்னிலையில் வாகனம் ஓட்டுவது தனியொரு பொறுப்பு என்ற கேள்வி அவ்விவாதத்தின் மையத்துக்கு வரவில்லை.

சட்டத்தில் அதற்கு இடமுமில்லை. 2019 திருத்தத்தில் சேர்ந்த 199அ பிரிவு, சிறுவன் வண்டியோட்டிக் குற்றமிழைத்தால் காப்பாளருக்கு மூன்றாண்டு வரையிலான சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கிறது. அச்சிறுவனுக்குப் பத்தாண்டுகளாக முன்னிருக்கையிலிருந்து நடத்தப்பட்ட பாடம் எந்தப் பிரிவிலும் வராது. ஆபத்தாக ஓட்டுதலைக் குற்றமாக்கும் 184ஆம் பிரிவு, வண்டியில் குழந்தை இருந்ததா எனக் கேட்பதே இல்லை. நியூயார்க் மாநிலம் 2009இல் இயற்றிய லியாண்ட்ரா சட்டத்தின்படி, 15 வயதோ அதற்குக் குறைவோ உடைய குழந்தையை வைத்துக்கொண்டு மதுபோதையில் ஓட்டுவது முதன்முறையிலேயே பெருங்குற்றமாகும். அது போதைக்கான சட்டம். உடல் ஆபத்தையே கருதியது. எனினும் குழந்தையின் இருப்பு குற்றத்தின் தன்மையையே மாற்றும் என்ற கொள்கை அதில் உண்டு. 184ஆம் பிரிவில் அத்தகைய ஒரு வரியைச் சேர்ப்பதற்கும், பழகுநர் உரிமத் தேர்வில் இது பற்றி ஒரு கேள்வி கேட்பதற்கும் புதிய கேமரா எதுவும் வாங்க வேண்டியதில்லை.