பந்தயம் எங்கே நடக்க வேண்டும்?

2024 ஓகஸ்ட் 31 ஆந் திகதியும் செப்ரெம்பர் 1 ஆந் திகதியும் சென்னை மாநகரின் நடுவே கார்ப் பந்தயம் ஒன்று நடைபெற்றது. அண்ணா சாலை, சிவானந்தா சாலை, கொடிமரச் சாலை, நேப்பியர் பாலம் ஆகியவற்றை இணைத்து, தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீற்றர் நீளமான ஓடுபாதை வகுக்கப்பட்டது. தெருக்கள் புதுக்கப்பட்டன, தடுப்புச் சுவர்கள் எழுந்தன, இரவைப் பகலாக்கும் விளக்குகள் ஏற்றப்பட்டன. 'போர்முலா 4' என்னும் அப்பந்தயத்தைக் கண்டு, பந்தயம் நகருக்குத் திரும்பிவிட்டதென்று பூரித்தோர் பலர்.

கடலுக்கு அப்பால் நடந்த ஒரு பந்தயத்தைப் பற்றி நாம் ஏன் பேசவேண்டும் என்று நண்பர்கள் கேட்கலாம். பந்தயத்தை 'மீண்டும் கொண்டுவருதல்' நம் நாட்டிலும் நடந்ததுதான். ஐந்தாண்டு இடைவெளியின் பின் தியத்தலாவையில் மீண்டும் நடத்தப்பட்ட பொக்ஸ் ஹில் பந்தயத்தில், 2024 ஏப்பிரல் 21 ஆந் திகதி, பாதையை விட்டு விலகிய கார் பார்வையாளர் மேற் பாய்ந்து எழுவரைப் பலிகொண்டது. அவருள் ஒரு சிறுமியும் இருந்தாள். பந்தயம் எங்கே நடக்கிறது, மக்கள் எங்கே நிற்கிறார்கள் என்ற கேள்வி விளையாட்டுக் கழகங்கள் மட்டும் தீர்த்துக்கொள்ளும் சில்லறைக் கேள்வியன்று என்பதை அந்த ஏழு உயிர்கள் நமக்கு உணர்த்தின.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடுவோம். வேகத்தின் மீது நமக்குப் பகை இல்லை. இயந்திரத்தைப் படைத்ததும் அதன் ஆற்றலை எல்லைவரை சோதித்துப் பார்ப்பதும் மனித உழைப்பின் பெருமைகள். கார்ப் பந்தயம் பணக்காரன் விளையாட்டு, ஆகவே அது ஒழியட்டும் என்று சொல்வது எளிது. ஆனால் அது சிந்தனையாகாது. நம் வாதம் பந்தயத்தோடு அன்று. பந்தயத்துக்குத் தேர்ந்தெடுத்த இடத்தோடும், அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த மனப்பான்மையோடுமே.

'திரும்பிவிட்டது' என்னும் சொல்லை முதலில் ஆராய்வோம். பந்தயம் சென்னையை விட்டு எங்கே போயிருந்தது? 1950 களிலிருந்து பல்லாண்டுகள் அது நகருக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதை ஒன்றில் நடந்தது. வெட்டவெளியிற் கூடிய மாபெருங் கூட்டங்களைப் பற்றி முதியோர் இன்றும் பேசுகின்றனர். 1953 இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கழகம், பின்னர் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே ஓடுபாதை அமைத்தது. அது 1990 இல் திறக்கப்பட்டது. நகரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவு. 2005 இல் போர்முலா 1 பந்தயத்தில் நுழைந்த முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் கோயம்புத்தூர்க்காரர். 2010 இல் நுழைந்த கருண் சந்தோக் சென்னைக்காரர். இவர்களை உருவாக்க அண்ணா சாலையை அடைக்க வேண்டியிருக்கவில்லை.

எனவே பந்தயம் தொலைந்து போகவும் இல்லை. வீடிழந்து நிற்கவும் இல்லை. அதற்கு நல்ல களம் உண்டு. அக்களத்தைத் தேடிக்கொடுத்தவர்களும் பந்தயத்தை நேசித்தவர்களே. நகரின் தெருவுக்கு அதை இழுத்து வந்தது விளையாட்டின் தேவையன்று, காட்சியின் தேவை. காட்சிக்குப் பின்னணி வேண்டும்: கடற்கரை வேண்டும், பாலம் வேண்டும், உயர்ந்த கட்டடங்கள் வேண்டும். அங்கே அன்றாடம் வாழும் மக்கள் மட்டும் வேண்டாம்!

அம்மக்கள் யார்? ஓடுபாதைக்கு அருகே ஓமந்தூரார் அரசினர் வைத்தியசாலை இருக்கிறது. சற்றுத் தொலைவில், சென்றல் புகையிரத நிலையத்துக்கு எதிரே, தமிழ்நாட்டின் ஏழைகள் நாற்றிசையிலிருந்தும் வந்து சேரும் அரசினர் பொது வைத்தியசாலை இருக்கிறது. நோயாளியைச் சுமந்து வரும் வண்டிக்கும், வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பெண்ணுக்கும் தெரு என்பது அலங்காரமன்று. அது உயிர் நாடி. அந்த நாடியைச் சில நாட்களுக்கு இறுக்கிப் பிடித்துவிட்டு, 'மாற்றுப் பாதை உண்டு' என்று அறிவிப்பது அதிகாரத்தின் பழைய பழக்கம்.

கூவத்தின் கரையிலே, இதே தீவுத்திடலுக்கு அருகில், சத்தியவாணிமுத்து நகர் என்றொரு குடியிருப்பு இருந்தது. தாழ்த்தப்பட்ட மக்களின் தலைவியாகவும் அமைச்சராகவும் விளங்கிய ஒருவரின் பெயரைத் தாங்கிய இடம் அது. ஆற்றைச் சீர்செய்வதாகக் கூறி 2019 இன் இறுதியில் அம்மக்களின் குடிசைகளைப் பெயர்த்து, நகரின் தென்கோடிக்கு அப்பாலுள்ள பெரும்பாக்கத்துக்கு அவர்களை அனுப்பினர். உழைப்பவன் நகரின் நடுவே வாழ இடமில்லை. கார் ஓட இடமுண்டு! இதனைத் தற்செயல் என்று நம்மால் ஏற்க முடியவில்லை.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். அரசு இப்பந்தயத்துக்காகச் செலவிட்ட தொகை 42 கோடி ரூபா என்பது வழக்கு மன்றத்திற் பேசப்பட்ட கணக்கு. 2024 பெப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பந்தயத்தை அனுமதித்தது. ஆயினும் அப்பணத்தைத் தனியார் நிறுவனம் அரசுக்குத் திருப்பிச் செலுத்த வேண்டுமெனவும் கட்டளையிட்டது. 2025 இல் உச்ச நீதிமன்றம் அக்கட்டளையை நீக்கியது. சட்டம் தன் முடிவைச் சொல்லிவிட்டது. ஆனால் சட்டம் முடித்த இடத்தில் நீதி பற்றிய கேள்வி முடிந்துவிடுவதில்லை. பந்தயம் முதலில் 2023 டிசெம்பரில் நடக்கவிருந்தது. அம்மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் நகரை மூழ்கடித்தது. மக்கள் பாலுக்கும் குடிநீருக்கும் மின்சாரத்துக்கும் நாட்கணக்கிற் காத்துக் கிடந்தனர். பந்தயம் தள்ளிவைக்கப்பட்டது. மழைநீர் வடியாத நகரத்தில் முதலிற் செப்பனிட வேண்டியது வடிகாலா, வளைவுகளா என்பதை அம்மழையே கேட்டுவிட்டது.

இதே மண்ணின் அரசியல் வரலாறு வேறொரு பாடத்தையும் சொல்கிறது. மனிதனை மனிதன் இழுக்கும் கைரிக்ஷாவைச் சென்னையில் 1973 இல் ஒழித்தது அக்காலத் தி.மு.க. அரசு. 1974 இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கவும் அதே அரசு சட்டம் இயற்றியது. பின்னர் 1996 இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது வேறு கதை. அங்கே எதிர்ப்பு சூதாட்டத்துக்கு என்பதையும் நாம் மறக்கவில்லை. ஆயினும், தெருவில் ரிக்ஷா இழுத்தவனை நிமிர்ந்து நிற்கவைத்த கட்சியின் அரசே, அரை நூற்றாண்டின் பின் அதே நகரத் தெருவைப் பந்தயக் காருக்கு விரித்துக் கொடுத்தது என்பதை வரலாறு குறித்துக்கொள்ளும்.

இனி, முதலீடு பெருகும், நகரின் புகழ் ஓங்கும் என்னும் வாதம். சிங்கப்பூரைப் பாருங்கள் என்கிறார்கள். பார்ப்போம். அங்கே தொம்சன் வீதியில் 1961 இல் தொடங்கிய பந்தயம் 1973 உடன் நின்றது. 2008 இல் அது மரீனா விரிகுடாவுக்குத் திரும்பியது. கடலைத் தூர்த்துப் பெற்ற நிலமும் ஹோட்டல்களும் நிறைந்த பகுதி அது. அங்குங்கூடச் செலவின் பெரும்பங்கை அரசே ஏற்றது. பெரிய கஜானாவைக் கொண்ட சிறு நகர அரசொன்றின் ஆடம்பரம், குடிசைகளைப் பெயர்க்கும் நகருக்கு எவ்வாறு முன்மாதிரியாகும்?

முதலீட்டின் மறுபக்கத்தைக் காணவும் நெடுநாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. பந்தயம் முடிந்து எட்டே நாட்களில், செப்ரெம்பர் 9 ஆந் திகதி, இருங்காட்டுக்கோட்டைக்கு அண்மையிலுள்ள ஸ்ரீபெரும்புதூர் சம்சுங் ஆலைத் தொழிலாளர் தம் சங்கத்தை அங்கீகரிக்கக் கோரி வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது ஒக்டோபர் நடுப்பகுதிவரை நீடித்தது. ஊர்வலம் போக முயன்ற தொழிலாளரைப் பொலிசார் தடுத்து வைத்தனர். காருக்குத் திறந்த தெரு, தொழிலாளிக்குத் திறக்கவில்லை.

ஆகவே நாம் கூறுவது இதுதான்: பந்தயம் நடக்கட்டும், ஆனால் அது அதற்குரிய களத்தில் நடக்கட்டும். அரசுக்கு அக்கறை இருந்தால், இருங்காட்டுக்கோட்டைக்குப் பள்ளி மாணவரையும் தொழிற்கல்லூரி மாணவரையும் பஸ்களில் அழைத்துச் செல்லட்டும். இயந்திரத்தைப் படைக்கும் ஆலைத் தொழிலாளியின் பிள்ளை அதை ஓட்டவும் கற்க வழி செய்யட்டும். பார்வையாளரின் பாதுகாப்பு முதல் நிபந்தனையாகட்டும். சோழவரத்தின் வெட்டவெளியிற் கூடிய மக்களுக்குக் கொடுக்கவேண்டிய மரியாதை அதுவே.

தெருவோ மக்களுடையது. நோயாளியும் மாணவனும் தொழிலாளியும் நடைபாதை வியாபாரியும் நாள்தோறும் நடந்து நடந்து அதைத் தமதாக்கிக்கொண்டவர்கள். சென்னையிலாயினும் கொழும்பிலாயினும், பந்தயத்தைக் கொண்டுவருகிறோம் என்று எவர் வந்தாலும், 'எங்கே?' என்று கேட்போம். அக்கேள்விக்குள்ளே 'யாருக்காக?' என்னும் கேள்வி இருக்கிறது.