மீத்தேன் டு சின்கேஸ்: வினையூக்கிக்கு முதல் நாள் மார்க் மட்டும் போதுமா?

மீத்தேன், கார்பன் டை ஆக்ஸைடு இரண்டுமே பூமியைச் சூடாக்கும் வாயுக்கள். 100 ஆண்டுக் கணக்கில், ஒரு டன் மீத்தேனின் பாதிப்பு ஒரு டன் கார்பன் டை ஆக்ஸைடைப் போலச் சுமார் 28 மடங்கு. இந்த இரண்டையும் சேர்த்து வினைபுரிய வைத்தால், கார்பன் மோனாக்ஸைடும் ஹைட்ரஜனும் கலந்த 'சின்கேஸ்' கிடைக்கும். அதிலிருந்து மெத்தனால், டீசல் எனப் பலதும் தயாரிக்கலாம். இந்த முறைக்கு 'ட்ரை ரிஃபார்மிங்' என்று பெயர்.

இது புதுசா?

பாதி பழசுதான். இந்தியாவில் வயலுக்குப் போகும் யூரியாவின் பின்னாலும் சின்கேஸ் இருக்கிறது. இயற்கை எரிவாயுவை நீராவியோடு நிக்கல் வினையூக்கிமேல் செலுத்தி ஹைட்ரஜன் எடுக்கிறார்கள். அதிலிருந்து அமோனியா, பிறகு யூரியா. ட்ரை ரிஃபார்மிங்கில் நீராவிக்குப் பதில் கார்பன் டை ஆக்ஸைடு. அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் என்ன சிக்கல்?

கரி! நிக்கலை அலுமினா போன்ற நுண்துளைகள் உள்ள ஒரு பொருளின் மேல் மிக நுண்ணிய துகள்களாகப் படியவைப்பார்கள். அந்த அடிப்பொருள்தான் 'தாங்கி'. சுமார் 800 டிகிரி செல்சியஸில் நிக்கல் துகள்கள் நகர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்து பெருக்கின்றன. துகள் பெரிதானால் கரி வேகமாகப் படியும். அது நிக்கலை மூடிவிடும். சில சமயம் இழை இழையாக வளர்ந்து துகளைத் தாங்கியிலிருந்தே பெயர்த்துவிடும்.

ரோடியம், ருத்தேனியத்தில் கரித் தொல்லை குறைவு. ஆனால் விலை கட்டுப்படியாகாது. அதனால்தான் ஆய்வாளர்களின் கவனம் தாங்கியின் பக்கம் திரும்பியது. சீரியம் ஆக்ஸைடு தன்னிடமுள்ள ஆக்சிஜனைக் கொடுத்துக் கரியை நீக்க உதவும். மக்னீசியம் ஆக்ஸைடு காரத்தன்மை கொண்டது. கார்பன் டை ஆக்ஸைடைப் பிடித்து வைத்து, கரியோடு வினைபுரியச் செய்யும்.

2020-ல் தென் கொரியாவின் கைஸ்ட் ஆய்வுக்குழு 'சயின்ஸ்' இதழில் ஒரு முடிவை வெளியிட்டது. மக்னீசியம் ஆக்ஸைடு படிகத்தின் படிபோன்ற விளிம்புகளில் நிக்கல்-மாலிப்டினம் துகள்கள் போய் நிலையாக உட்கார்ந்துகொண்டன. 800 டிகிரியில் 850 மணி நேரத்துக்கும் மேல் அந்த வினையூக்கி தளராமல் வேலை செய்தது.

கவனிக்க வேண்டியது எது?

850 மணி நேரம் என்பது சுமார் 35 நாள். ஆய்வகத்துக்கு அது பெரிய சாதனை. ஆலைக்கோ வருடக்கணக்கில் உழைக்கும் வினையூக்கி வேண்டும். சாண எரிவாயுவில் மீத்தேனும் கார்பன் டை ஆக்ஸைடும் சேர்ந்தே இருப்பது வசதிதான். ஆனால் அதிலுள்ள கந்தகம் நிக்கலுக்கு விஷம். தவிர, இந்த வினை வெப்பத்தை ஏராளமாக விழுங்கும். அந்த வெப்பத்துக்காக எரிவாயுவையே எரித்தால், மிச்சப்படுத்திய கார்பனில் ஒரு பங்கு புகையாகத் திரும்பி வந்துவிடும்.

ஆகவே, 'முதல் மணி நேரத்தில் இத்தனை சதவீதம் மாறியது' என்ற கணக்கை மட்டும் வைத்து ஆய்வுகளை எடைபோடக் கூடாது. சுத்திகரிக்காத வாயுவில் எத்தனை நாள் தாக்குப்பிடித்தது, எவ்வளவு கரி படிந்தது, வெப்பம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். பொதுப் பணத்தில் நிதி தருபவர்கள், அத்தகைய நீண்ட, சலிப்பூட்டும் சோதனைகளுக்கும் காசு ஒதுக்க வேண்டும். ஆலைக்குத் தேவையான பதில் அவற்றில்தான் கிடைக்கும்.