அரசன் வீழ்ந்தபின் அரியணை

1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள், யப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு இலக்கான 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானியப் போர்க்கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தேற்றாத்தீவுக் கரையில் நிற்குந்தோறும், அப்போரில் யப்பானும் ஜேர்மனியும் வென்றிருப்பின் நம் கதி யாதாயிருக்கும் என எண்ணுவேன். அவ்வெண்ணத்தையே கருவாகக் கொண்டு பிலிப் கே. டிக் என்பார் 1962இல் ஒரு நவீனம் எழுதினார். 'த மான் இன் த ஹை காசில்' என்னும் அதன் தொலைக்காட்சி வடிவம் 2015 முதல் 2019 வரை வெளிவந்தது. என் மாணாக்கர் ஒருவரின் வற்புறுத்தலால் அதனை முற்றக் கண்டேன். பண்டிதனுக்கு இது தகுமோ என்பார் பொறுத்தருள்க.

தொடரில் அமெரிக்காவின் மேற்குப் பகுதி யப்பானுக்கும் கிழக்குப் பகுதி ஜேர்மனிக்கும் அடிமைப்பட்டுக் கிடக்கின்றது. எண்ணெய் வழிகளைக் கிளர்ச்சியாளர் தகர்த்ததும் யப்பானியர் வெளியேறுகின்றனர். 2022இல் எரிபொருளுக்காக இரவெல்லாம் வரிசையிற் காத்திருந்த நமக்கு இஃது எளிதில் விளங்கும்.

கிழக்கை ஆள்பவன் ஜோன் சிமித். பகைவர்க்குத் தொண்டுபுரிந்து உயர்ந்த அமெரிக்கன். வேறோர் உலகில் தான் எளிய குடும்பத்தவனாக வாழ்ந்ததைக் கண்டறிந்த அவன், மனைவியையும் இழந்தபின் தன்னையே சுட்டு மாய்கின்றான். உடனே அவனுடைய நண்பனான தளபதி, மேற்கைத் தாக்கப் புறப்பட்ட விமானங்களைத் திருப்பியழைக்கின்றான். பார்ப்போர் பெருமூச்சு விடுகின்றனர். எனக்கோ ஐயமே எழுந்தது. திருப்பியழைத்தவனும் அவ்வாட்சியின் தளபதியே அன்றோ?

வழக்குரை காதையைக் கற்பிக்கையில், தன் பிழையுணர்ந்து அரியணையிலேயே உயிர்நீத்த பாண்டியனைப் புகழ்ந்து அமைந்துவிடுகின்றோம். நானும் பல்லாண்டு அவ்வாறே செய்தேன். நீர்ப்படைக் காதை கூறும் மற்றொரு செய்தியை வகுப்பில் விரைந்து கடந்துவிடுவோம். கொற்கையிலிருந்து வந்து அரியணையேறிய வெற்றிவேற்செழியன், பொற்கொல்லன் ஒருவனது வஞ்சத்துக்காகப் பொற்கொல்லர் ஆயிரவரைக் கண்ணகிக்குப் பலியிட்டான். மன்னன் மாண்டான்; விசாரணையின்றிக் கொல்லும் அதிகாரம் மாளவில்லை.

2019இல் அறுபத்தொன்பது இலட்சம் வாக்குகளால் சனாதிபதியான கோத்தபாய இராசபக்சவின் ஆட்சியை அத்தொடரின் ஆட்சியோடு ஒப்பிடுதல் மிகையாகும். ஆயினும் 2020இல் இருபதாந் திருத்தத்தாற் பெருகிய அதிகாரம், 2022 யூலை 9இல் மக்கள் மாளிகையுட் புகுந்ததும் நிலைகுலைந்தது. 14ஆம் நாள் சிங்கப்பூரிலிருந்து அவர் பதவி துறந்தார். 20ஆம் நாள் பாராளுமன்றம் வேறொருவரை அவ்வாசனத்துக்குத் தெரிந்தது. ஆசனமோ 1978இல் அமைத்த அதே ஆசனம்.

அடுத்த ஓகத்து மாதத்திலே, போராடிய மாணவத் தலைவர்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் மறியலில் வைக்கப்பட்டனர். 1979இல் தற்காலிகமெனப் பிறந்து, 1982இல் நிரந்தரமாகிய சட்டம் அது. அச்செய்தி கேட்டுத் தென்னிலங்கையிற் பலர் திகைத்தனர். படுவான்கரைத் தாய்மார் திகைக்கவில்லை. அச்சட்டத்தின் இலக்கங்களை அவர்கள் பிள்ளைகளின் பிறந்த நாளைப்போல் மனப்பாடமாக வைத்திருந்தனர்.