கணக்கு முழுவதும் ஒரே பெட்டியில் இருக்கலாமா?

எழுதாத கணக்கு அழுதாலும் தீராது என்பது பெரியவர்கள் வாக்கு. இன்றோ, எழுதிய கணக்கே அழுதாலும் கிடைக்காத நிலை வந்திருக்கிறது.

கொள்முதல், விற்பனை, சரக்கிருப்பு, கடன் பாக்கி எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டன. பழைய ஆண்டுக் கணக்குகளை உள்ளங்கை அகல ஹார்டு டிஸ்கில் ஏற்றி, இடம் அடைக்கிறதென்று கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிடும் வழக்கம் நம் கடைகளில் பரவியிருக்கிறது. இதைப் 'பேக்கப்' என்று சொல்வது தவறு. மூலம் ஒன்று, நகல் ஒன்று என இரண்டு இருந்தால்தான் பேக்கப். ஒன்றே ஒன்று இருந்தால் அது வெறும் இடமாற்றம். டிஸ்க் கீழே விழுந்தாலோ, பதிவு நடக்கும்போது வயரைப் பிடுங்கினாலோ, வைரஸ் புகுந்தாலோ எல்லாம் போயிற்று.

போனால் என்ன, ஜி.எஸ்.டி. தளத்தில் இருக்கிறதே என்பார் சிலர். அங்கே இருப்பது நாம் தாக்கல் செய்ததும், நமக்குச் சரக்கு விற்றவர்கள் காட்டியதும் மட்டுமே. மேல்மலையனூர் அமாவாசைக்குக் கடனாகப் போன சரக்குக்கு எந்தப் புள்ளி எவ்வளவு தரவேண்டும் என்பது அங்கே இல்லை. சட்டமும் நம்மை விடாது. ஆண்டறிக்கையின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளைக் காக்க வேண்டும். 2023-24ஆம் ஆண்டுக் கணக்கு 2030 டிசம்பர் இறுதி வரை இருந்தாக வேண்டும். கம்ப்யூட்டர் கணக்குக்கு முறையான மின்னணு நகல் வைத்திருக்க வேண்டும் என்று ஜி.எஸ்.டி. விதி 57 தெளிவாகச் சொல்கிறது.

டிஸ்க் மக்கர் செய்தால் பதறக் கூடாது. முதலில் வேறு வயரிலும் வேறு கம்ப்யூட்டரிலும் மாட்டிப் பார்க்க வேண்டும். 'ஃபார்மட் செய்யட்டுமா' என்று திரை கேட்டால் சம்மதிக்கவே கூடாது. ஃபோல்டர்கள் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் வைரஸ் அவற்றை மறைத்திருக்கலாம். கோப்புகள் உள்ளேயே இருக்கக்கூடும். அழிந்த கோப்பும் உடனே மறைவதில்லை. பேரேட்டில் பொருளடக்கம் கிழிந்தாலும் பக்கங்கள் இருப்பது போலத்தான். அதன்மேல் புதிதாக எதையும் பதிவு செய்தால் பழையது அழியும். ஆகையால் டிஸ்கை அப்படியே நிறுத்திவிட்டு, மீட்கும் கோப்புகளை வேறொரு டிஸ்கில்தான் இறக்க வேண்டும். 'டக் டக்' என்று சத்தம் வந்தால் உடனே கழற்றித் தகவல் மீட்பில் தேர்ந்தவரிடம் கொடுப்பதே நல்லது. கோப்பு இருந்தும் டாலி பிழை காட்டினால், முதலில் அந்தக் கோப்புகளுக்கு நகல் எடுத்துக்கொண்டு, பிறகே 'ரிப்பேர்' செய்ய வேண்டும்.

ஆனால் மருந்தைவிட வருமுன் காப்பதே மேல். நம் செஞ்சிக் கோட்டையைப் பாருங்கள். அடிவாரத்தில் தானியக் களஞ்சியம் கட்டியவர்கள் ராஜகிரி உச்சியிலும் ஒன்று கட்டினார்கள். கீழே பறிபோனாலும் மேலே இருப்பவருக்குச் சோறு உண்டு. கணக்குக்கும் அதுவே நியாயம். கடைக் கம்ப்யூட்டரில் ஒன்று, வீட்டில் வைத்த டிஸ்கில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என மூன்று இடத்தில் இருக்க வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் நம் விழுப்புரம் மாவட்டத்தை வெள்ளக்காடாக்கியதை மறக்க முடியுமா? கடைக்குள் தண்ணீர் புகுந்தால் கம்ப்யூட்டரும் மேசை இழுப்பறையில் உள்ள டிஸ்கும் சேர்ந்தே நனையும்.

மாதம் ஒருமுறை நகலைத் திறந்து கணக்கு சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகல், எடை போடாமல் வாங்கிய மூட்டைக்குச் சமம். மாதக் கடைசியில் பாக்கிப் பட்டியலைக் காகிதத்திலும் எடுத்து வைப்பது கூடுதல் பாதுகாப்பு.

இது கணக்கு எழுதும் பையனின் வேலை என்று முதலாளிகள் ஒதுங்குவது சரியன்று. கல்லாச் சாவியை நம் இடுப்பில் வைத்திருக்கிறோம். கணக்கின் சாவியை மட்டும் எங்கேயோ விட்டுவிடுகிறோம். பையன் வேலையை விட்டுப் போனால் கடவுச்சொல்லும் அவனோடு போய்விடும். நோட்டீஸ் வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் முதலாளிதான்.

சங்கங்கள்தோறும் மாதத்தில் ஒரு நாளைக் 'கணக்கு நகல் நாள்' என்று வைக்கலாம். விவரம் தெரிந்த இளைஞர்கள் சிறு கடைக்காரர்களுக்கு உடனிருந்து கற்றுத்தர வேண்டும். ஒரு புதிய டிஸ்கின் விலை, ஒரு பெரிய புள்ளியின் பாக்கியைவிடக் குறைவுதான். வணிகர்கள் சிந்திப்பார்களாக!